வீட்டில் கட்டப்படும் சிறு விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து ஆண்டுகளாக என் வீட்டுப் பட்டறையில் இருவர் அமரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். உறவினரும் நண்பர்களும், இதே வேலையில் இறங்க எண்ணுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நேர்மையாக விடை சொல்வதற்கு மிகவும் கடினமான கேள்வியும் இதுதான். வால் பகுதி முடிந்துவிட்டது. இரண்டு இறக்கைகளும் அவற்றுக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டிகளும் முடிந்து, சோதிக்கப்பட்டு, சுவரோரமாகத் தாங்கிகளில் நிற்கின்றன. உடற்பகுதியின் அடிப்புறத்துக்கும் பக்கச் சுவர்களுக்கும் ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் தலையுள்ள உலோக ஆணி, அடிக்கப்பட்டுவிட்டது. மேல்தகடுகள் இன்னும் மூடப்படவில்லை. பார்க்கிறவர்கள் "முக்கால்வாசி ஆகிவிட்டதே" என்கிறார்கள். என் குறிப்பேட்டின்படி இதுவரை ஏறத்தாழ 1,400 மணி நேரம் உழைத்திருக்கிறேன். இன்னும் அதே அளவு உழைப்பு மீதம் இருக்கும் என்பதே என் கணிப்பு.

காரணம் எளியது. பெரிய தகடுகள் சேரும்போது உருவம் விரைவாகத் தோன்றிவிடும். அதன் பிறகு வரும் வேலைகள், அதாவது மின்கம்பிகள், எரிபொருள் குழாய்கள், பிரேக் குழாய்கள், கண்ணாடி மூடி, எஞ்சினைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் தடுப்புத் தகடுகள் ஆகியவை உருவத்தில் எந்த மாற்றத்தையும் காட்டாமல் மாதக்கணக்கில் நேரத்தை விழுங்கும். ஆகவே நான் முன்னேற்றத்தைச் சதவீதத்தால் அளப்பதில்லை. எந்தப் பகுதி முடிந்து, இன்னொருவரால் பார்க்கப்பட்டு, குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறதோ அதை மட்டுமே முடிந்ததாகக் கணக்கில் கொள்கிறேன்.

வீட்டில் விமானம் கட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறதா?

பல நாடுகளில் தருகிறது. ஆனால் நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். அமெரிக்காவில், விமானத்தின் பெரும்பகுதியைத் தனிமனிதர் ஒருவரோ சிலரோ தம் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கட்டியிருந்தால், அது தனிப்பிரிவாகப் பதிவு செய்யப்படுகிறது. இதைப் பேச்சுவழக்கில் 51 சதவீத விதி என்பார்கள். பிரிட்டனில் இலகுரக விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கட்டுமானத்தைக் கட்டம் கட்டமாகப் பார்வையிடுகிறார்கள். பொதுவாக இத்தகைய விமானத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலை நடத்த முடியாது. தகடு வாங்குவதற்கு முன்பே உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்து, யார் ஆய்வு செய்வார், எந்தக் கட்டத்தில் செய்வார் என்பதை எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூடிய இறக்கையை ஆய்வுக்காக மீண்டும் பிரிக்க நேர்வதைவிடப் பெரிய துயரம் இந்த வேலையில் இல்லை.

விமானத்தை நீங்களே வடிவமைத்தீர்களா?

இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் கட்டிப் பறந்திருக்கும் ஒரு வடிவத்தின் உதிரிபாகத் தொகுப்பை வாங்கிக் கட்டுகிறேன். கட்டுவதும் வடிவமைப்பதும் வேறு வேறு கலைகள் என்பதை வரலாறு தெளிவாகவே காட்டியிருக்கிறது. ரைட் சகோதரர்கள் தம் 1901ஆம் ஆண்டு கிளைடர் கணக்கிட்ட அளவுக்கு மேலே எழவில்லை என்று கண்டபோது, காற்றை ஊதி மாதிரி வடிவங்களைச் சோதிக்கும் சிறியதொரு காற்றுச் சுரங்கத்தைத் தாமே செய்து, ஏறத்தாழ இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் 12 வினாடி பறந்ததற்குப் பின்னால் அந்த உழைப்பு இருந்தது.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. 1930களில் பிரான்சைச் சேர்ந்த ஆன்ரி மிஞே வடிவமைத்த, "வானத்துப் பேன்" என்று பொருள்படும் பெயர் கொண்ட சிறு விமானத்தை ஐரோப்பாவெங்கும் எளிய மக்கள் ஆர்வத்தோடு தம் வீடுகளில் கட்டினார்கள். அதன் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றையொன்று பாதித்து, குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் மூக்கு கீழே இறங்கினால் விமானி எவ்வளவு இழுத்தாலும் மீட்க முடியாத நிலை ஏற்பட்டது. பலர் உயிரிழந்த பிறகே காற்றுச் சுரங்கச் சோதனைகள் அந்தக் குறையை வெளிப்படுத்தின. கட்டியவர்களின் கைவேலையில் பிழை இல்லாதபோதும் அவர்கள் இறந்தார்கள் என்பது என்னை இன்றும் வருத்துகிறது. அதனால்தான் வரைபடத்தில் உள்ளதைவிட "மேம்படுத்தலாம்" என்று எனக்குத் தோன்றும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வரைந்தவர் சொன்னபடியே செய்கிறேன்.

மரம், கண்ணாடியிழை ஆகியவற்றை விட்டுவிட்டு உலோகத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

மூன்றிலும் நல்ல விமானங்கள் கட்டப்படுகின்றன. மரம் எடை குறைந்தது, திரும்பத் திரும்ப வளைந்தாலும் களைப்புறாதது, எளிய கருவிகளுக்கே இணங்குவது. ஆனால் ஒட்டிய இணைப்பின் உட்புறத்தை யாராலும் பார்க்க முடியாது, ஈரமும் உள்ளே புகக்கூடாது. நுரைக்கட்டையைச் செதுக்கி அதன்மேல் கண்ணாடியிழையையும் எபாக்சி என்ற பிசினையும் பூசிக் கட்டும் முறையை 1970களில் பர்ட் ரூட்டனின் விமானங்கள் பரவலாக்கின. அதில் வழவழப்பான வளைவுகள் கிடைக்கும், ஆனால் அறையின் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், தேய்ப்பதற்கு முடிவே இருக்காது, எபாக்சி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். உலோகத்தில் நான் விரும்புவது ஒன்றுதான்: செய்த தவறு கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் அதைக் கழற்றவும் முடியும்.

ஒரு தகட்டைப் பொருத்த ஒரு வாரம் ஆகிறது என்கிறீர்களே, அப்படி என்ன வேலை?

இந்த விமானத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள் இருக்கின்றன. ஒரு ரிவெட்டை அடிக்க ஐந்து வினாடி போதும். அதற்கு முன்னால் நடப்பவைதாம் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. முதலில் தகட்டை அதன் இடத்தில் வைத்து, "கிளீக்கோ" எனப்படும் விற்சுருள் கவ்விகளால் தற்காலிகமாகப் பிடித்து, துளைகளை இறுதி அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையின் இரு பக்கங்களிலும், ஒவ்வொரு தகட்டின் விளிம்பு முழுவதிலும் உள்ள பிசிறை நீக்க வேண்டும். காற்று படும் வெளிப்புறத்தில் ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக அமர வேண்டும் என்பதால், துளையைச் சுற்றிக் குழியச்சு அழுத்த வேண்டும். அதன்பின் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அரிப்புத் தடுப்புப் பூச்சு அடித்து, உலர்த்தி, மறுபடியும் கிளீக்கோக்களால் பூட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் ரிவெட்.

பிசிறு நீக்குவதைச் சிலர் அழகு வேலை என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. விமானத்தின் தோல் ஒவ்வொரு முறை பறக்கும்போதும் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டுத் தளர்கிறது. துளையின் ஓரத்தில் விட்டுவைத்த ஒரு கீறல்தான் பல ஆண்டுகளுக்குப் பிறகு விரிசலாக வளரும். பயன்படுத்தும் தகடு 2024-டி3 என்ற கலவை. அதில் சேர்க்கப்படும் தாமிரம் வலிமையைத் தருகிறது. அதே தாமிரம் அரிப்பையும் எளிதாக்குகிறது. ஆகவே இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய போர்வையோடு தகடு வருகிறது. ஆழமான ஒரு கீறல் அந்தப் போர்வையைக் கிழித்துவிடும் என்பதால், மேசைமேல் கம்பளம் விரிக்காமல் நான் தகட்டைக் கிடத்துவதில்லை.

ரிவெட் சரியாக அமர்ந்ததா என்பதற்கு அளவு இருக்கிறது. 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிவெட்டை அடித்த பின், நசுங்கிய பக்கம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர் அகலமும், பாதி, அதாவது 1.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். இதற்கென வெட்டிய அளவுத் தகட்டை வைத்துப் பார்ப்பேன். தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் பார்த்தேன். இப்போது கண் பழகிவிட்டது. ஆனாலும் வரிசைக்குச் சிலவற்றையாவது அளக்காமல் அடுத்த வரிசைக்குப் போவதில்லை.

இதுவரை பெரிய தவறு ஏதேனும் செய்தீர்களா?

செய்தேன். இரண்டாம் ஆண்டில், இடது இறக்கையின் பின் ஸ்பாரில், அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் சட்டத்தில், ஒரு துளையை விளிம்புக்கு மிக அருகில் போட்டுவிட்டேன். துளையின் மையம் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு தொலைவிலாவது இருக்க வேண்டும் என்பது விதி. என்னுடையது அதற்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. அன்று இரவு களைப்போடு, "இன்னும் ஒரு வரிசைதான்" என்று வேலை செய்ததே காரணம். தொகுப்பின் வடிவமைப்பாளருக்குப் படத்தோடு எழுதினேன். அந்த இடத்தில் அதை ஏற்க முடியாது, பாகத்தையே மாற்றுங்கள் என்று பதில் வந்தது. புதிய பாகம் வந்து சேர்ந்து, பொருத்தியதைப் பிரித்து மீண்டும் கட்ட இரண்டரை மாதம் ஆயிற்று. அந்தப் பழைய துண்டைப் பட்டறைக் கதவுக்குமேல் மாட்டி வைத்திருக்கிறேன். அதன்பின் இரவு ஒன்பது மணிக்கு மேல் துளையிடுவதில்லை.

சிறிய தவறுகளில் பெரும்பாலானவை கோணலாக மடிந்த ரிவெட்டுகள். அவற்றை எடுப்பதற்கு, தலையின் நடுவில் தலையின் ஆழம் வரை மட்டும் துளையிட்டு, ஊசியை உள்ளே விட்டு நெம்பித் தலையை உடைத்து, உடலைப் பின்புறமாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் துளை நீள்வட்டமாகிவிடும். அப்போது முதலில் இருந்த கோணல் ரிவெட்டே மேல் என்றாகிவிடும். எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற தீர்ப்பு, எடுக்கக் கற்றுக்கொள்வதைவிடக் கடினமானது.

எரிபொருள் தொட்டி கசியாது என்று எப்படித் தெரியும்?

தொட்டி என்பது இறக்கையின் முன்பகுதியே. அதன் உட்புற இணைப்புகள் அனைத்திலும், ஒவ்வொரு ரிவெட்டின்மீதும், எரிபொருளில் கரையாத ரப்பர் போன்ற பசையைப் பூசுகிறோம். கைகளிலும் கருவிகளிலும் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கரும்பசையோடு நான்கு வாரம் வாழ்ந்தேன். பசை முழுதாக இறுகிய பின், திறப்புகளை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை நிரப்பிச் சோதிக்க வேண்டும். 70 சென்டிமீட்டர் நீர்மட்ட உயரத்துக்குச் சமமான அழுத்தமே போதும். கம்ப்ரெஸரை நேரடியாகப் பூட்டினால் தொட்டி பிதுங்கி வீணாகிவிடும். நான் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயையே அழுத்தமானியாகப் பயன்படுத்தினேன். இணைப்புகளின் மேல் சோப்பு நீர் தடவியதில், வலது தொட்டியின் அளவுமானித் தகட்டருகே மெல்ல மெல்ல ஒரு குமிழி வளர்ந்தது. தகட்டைக் கழற்றி மீண்டும் பூசி, மறுபடி சோதித்தேன். ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்க்கும்போது அறையின் வெப்பமும் வானிலை அழுத்தமும் மாறினாலும் நீர்மட்டம் ஏறி இறங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்; இல்லாத கசிவைத் தேடி ஒரு வாரத்தை இழந்தவர்கள் உண்டு.

எஞ்சின் வாங்கிவிட்டீர்களா? கார் எஞ்சினைப் பொருத்த முடியாதா?

இன்னும் வாங்கவில்லை. ஓடாமல் கிடக்கும் எஞ்சினின் சிலிண்டர்களிலும் கேம் தண்டிலும் துரு ஏறும் என்பதால், எல்லாம் தயாராகும் வரை காத்திருப்பதே நல்லது. காக்பிட்டின் மின்னணுத் திரைகளுக்கும் இதே விதிதான். மூன்று ஆண்டு பெட்டிக்குள் இருந்தால் அவை பழையனவாகிவிடும்.

கார் எஞ்சின்களோடு பறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புரொப்பெல்லரின் இயல்பைப் புரிந்துகொண்ட பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும். 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 முறை சுழன்றால் அதன் நுனி வினாடிக்கு 250 மீட்டருக்கு மேல் விரைகிறது. இன்னும் வேகமாகச் சுற்றினால் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இரைச்சல் கூடி, தள்ளும் திறன் குறையும். லைக்காமிங் போன்ற விமான எஞ்சின்கள் அந்தக் குறைந்த சுழற்சியிலேயே முழு ஆற்றலைத் தரும்படி பெரிய சிலிண்டர்களோடு செய்யப்பட்டவை. எனவே புரொப்பெல்லரை நேராகத் தண்டிலேயே பூட்டலாம். கார் எஞ்சின் தன் ஆற்றலை அதிகச் சுழற்சியில்தான் தரும். ஆகவே இடையில் சுழற்சியைக் குறைக்கும் பற்சக்கரமோ பட்டையோ தேவை. சிறு விமானங்களுக்கெனச் செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினும் பற்சக்கரத்தோடுதான் வருகிறது. ஆனால் அதை ஒன்றாகவே வடிவமைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்திருக்கிறார்கள். வீட்டில் செய்யும் இணைப்பில் தண்டின் முறுக்கதிர்வைக் கணிப்பது என் திறமைக்கு அப்பாற்பட்டது. மேலும், வழக்கமான விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், தம் சுழற்சியாலேயே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும், ஒன்றையொன்று சாராத இரண்டு மேக்னட்டோக்கள். பேட்டரி செத்தாலும் தீப்பொறி நிற்பதில்லை. அந்த நம்பிக்கையை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

எடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?

மொத்த எடை மட்டுமல்ல, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஈர்ப்பு மையம் வரையறுத்த எல்லைக்குப் பின்னால் போனால் விமானம் தன் நிலைப்புத்தன்மையை இழக்கும். முன்னால் போனால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க, வாலில் மேலும் கீழும் அசையும் பரப்பான எலிவேட்டருக்கு வலிமை போதாது.

முடிந்த விமானத்தை, பறக்கும் நிலையில் சமமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து எடை பார்ப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டு: மூக்கிலிருந்து 1.7 மீட்டர் பின்னால் உள்ள இரு முதன்மைச் சக்கரங்களிலும் சேர்த்து 418 கிலோவும், 6 மீட்டர் பின்னால் உள்ள வால் சக்கரத்தில் 27 கிலோவும் காட்டினால், மொத்தம் 445 கிலோ. ஒவ்வோர் எடையையும் அதன் தொலைவால் பெருக்கிக் கூட்டினால் 872.6, அதை 445ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து ஏறத்தாழ 1.96 மீட்டரில் இருக்கிறது. பின்னர் விமானி, பயணி, எரிபொருள், பெட்டிகள் ஆகியவற்றைச் சேர்த்தும் நீக்கியும் எல்லா நிலைகளிலும் இந்தப் புள்ளி எல்லைக்குள் இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும்.

சாயம்கூடப் பல கிலோ எடையைச் சேர்க்கும். அதைவிட முக்கியமாக, எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது), எலிவேட்டர் போன்ற அசையும் பரப்புகளைச் சாயம் அடித்த பிறகு மீண்டும் சமன் பார்க்க வேண்டும். கீலுக்குப் பின்னால் கூடிய சிறு எடை, வேகமாகப் பறக்கும்போது அந்தப் பரப்பைப் படபடக்கச் செய்து சில வினாடிகளில் பிய்த்தெறிய வல்லது.

உங்கள் வேலையை யார் சரிபார்க்கிறார்கள்?

அதிகாரப்பூர்வ ஆய்வாளர் தவிர, முன்னரே விமானம் கட்டி முடித்த நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து, கைவிளக்கோடு மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார். தன் தவறைத் தானே காண்பது கடினம். நான் செய்ய நினைத்ததைத்தான் என் கண் பார்க்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மீதும் வண்ணக்கோடு ஒன்று இடுகிறேன். கோடில்லாத நட்டு இறுக்கப்படாத நட்டு என்றே பொருள். ஒவ்வொரு நாளின் வேலையையும் நேரத்தோடும் படத்தோடும் எழுதி வைக்கிறேன். கட்டியது நான்தான் என்பதற்கு அதுவே சான்று.

பட்டறைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

இரண்டு கார்கள் நிற்கும் அளவு போதும். இறக்கைகள் கடைசியில், விமானத்திடலில்தான் உடற்பகுதியோடு சேரும். கதவின் அகலத்தை மட்டும் தொடங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ரிவெட் துப்பாக்கியின் இரைச்சலுக்குக் காதுக்காப்பு கட்டாயம்.

எப்போது பறக்கும்? முதலில் யார் ஓட்டுவார்?

தேதி சொல்வதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறேன். சொன்ன தேதி நெருங்கும்போது கை அவசரப்படத் தொடங்கும். பறப்பதற்கு முன் முடிக்க வேண்டிய சோதனைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது எரிபொருள் ஓட்டச் சோதனை. விமானத்தின் மூக்கை மேலேறும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு எரிபொருள் வருகிறது என்று அளக்க வேண்டும். பம்பு வழியாக வருவதானால் முழு ஆற்றலுக்குத் தேவையானதில் 125 சதவீதமும், தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருவதானால் 150 சதவீதமும் கிடைக்க வேண்டும். புதிய விமானங்கள் முதல் சில மணி நேரத்தில் எஞ்சின் நின்று விழுவதற்கு எரிபொருள் அமைப்பின் குறைகள் முக்கியக் காரணம்.

முதல் பறத்தலை நானே செய்வேனா என்பது அப்போதைய என் பயிற்சியைப் பொறுத்தது. கட்டும் ஆண்டுகளில் பலர் பறப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பணமும் நேரமும் பட்டறைக்கே போய்விடுகின்றன. நான் மாதம் ஒருமுறையாவது பயிற்சி விமானத்தில் பறந்து வருகிறேன். முதல் பறத்தலுக்கு முன் இதே வகை விமானத்தில், அதை நன்கறிந்த பயிற்றுநரோடு சில மணி நேரம் பறந்த பிறகே முடிவு செய்வேன். அவர் வேண்டாம் என்றால், அனுபவமுள்ள வேறொருவர் ஓட்டுவார். நான் தரையில் நிற்பேன்.

முதல் பறத்தலோடு வேலை முடிந்துவிடுமா?

இல்லை. அமெரிக்க நடைமுறையில் சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் பூட்டிய விமானத்துக்கு 25 மணி நேரமும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் சோதனைக் காலமாக வழக்கமாக விதிக்கப்பட்டு வந்தது. அந்தக் காலத்தில் வேடிக்கைப் பயணிகளை ஏற்ற முடியாது. குறிப்பிட்ட பரப்புக்குள்தான் பறக்கலாம். இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், ஏறும் வீதம், உந்துதல் இழந்து இறங்கும் தொலைவு என ஒவ்வொன்றையும் அளந்து, இந்த ஒரு விமானத்துக்கான கையேட்டை எழுத வேண்டும். புதிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு பழகுவதற்கு அதிக ஆற்றலில் ஓட வேண்டும் என்பதால், தரையில் நெடுநேரம் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்கு வந்து பார்க்கலாமா? உதவ முடியுமா?

வாருங்கள். மேசைமேல் இருக்கும் பாகங்களை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள்; அவை வரிசையில் கிடக்கின்றன. உடற்பகுதியின் மேல்தகடுகளை அடுத்த மாதம் மூடப்போகிறேன், அதை ஒருவரால் செய்ய முடியாது. நான் வெளியிலிருந்து துப்பாக்கியால் அடிக்கும்போது, இன்னொருவர் உள்ளே குனிந்து உட்கார்ந்து, இரும்புக் கட்டையை ரிவெட்டின் மறுமுனையில் நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பழைய துண்டுத் தகட்டில் முதலில் இருபது ரிவெட் அடித்துப் பார்ப்போம்; அவற்றை நீங்களே அளந்து, எவை தேறின என்று சொன்ன பிறகு விமானத்தைத் தொடங்குவோம்.